ஒரு லாரியும் ஐயாயிரம் கார்களும்

தார்ச்சாலை மழையில் கரைந்துவிட்டது என்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. உண்மையில் தார் தண்ணீரில் கரைவதில்லை, ஜல்லியும் கரைவதில்லை. ஆனாலும் அடைமழை ஓய்ந்த மறுவாரமே சாலையெங்கும் குழிகள் தோன்றிவிடுகின்றன.

கல்குவாரிக்குப் போகும் சாலைகளில் இந்தப் புதிர் இன்னும் தெளிவாகத் தெரியும். காலி லாரிகள் குவாரியை நோக்கிச் செல்லும் பாதி பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஜல்லி ஏற்றிய லாரிகள் திரும்பி வரும் பாதியோ நொறுங்கிக் கிடக்கும். இரண்டு பாதிகளுக்கும் ஒரே தார், ஒரே ஜல்லி, ஒரே மழை. கடந்துபோன லாரிகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது சுமை மட்டுமே. அப்படியானால் மழையின் மீது பழி போடுவது ஏன்? சாலையை உடைப்பதில் சுமையும் தண்ணீரும் கூட்டாளிகள். அவற்றில் எது எந்த வேலையைச் செய்கிறது என்பதைக் கண்டறியச் சாலைப் பொறியாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள்

சாலை என்று பார்வைக்குத் தெரிவது கருப்பான மேல்தளம் மட்டும்தான். அது தாரும் ஜல்லியும் கலந்த சில சென்டிமீட்டர் கனம். அதன் கீழே நன்றாக இறுக்கிய உடைகல் அடுக்கு. அதற்கும் கீழே கிராவல் போன்ற சரளை அடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் ரோலர் ஓட்டி இறுக்கிய மண். இந்த அடிமண்ணுக்கு மண்படுகை என்று பெயர்.

இத்தனை அடுக்குகளுக்கும் தேவை சுமையைப் பரப்புவதுதான். காற்றடைத்த லாரி டயர் தரையை அழுத்தும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7, 8 கிலோ வரை இருக்கும். ஈரமண்ணில் அந்த அழுத்தம் நேராக விழுந்தால் சக்கரம் புதைந்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் சுமையைக் கொஞ்சம் விரித்துத் தனக்குக் கீழே உள்ளதிடம் ஒப்படைக்கிறது. மண்ணை எட்டும்போது அழுத்தத்தின் சிறு பங்குதான் மிஞ்சுகிறது. அழுத்தம் மேலே அதிகம் என்பதால் உறுதியான, விலை கூடிய பொருள் மேலேயும், மலிவான பொருள் கீழேயும் வருகிறது.

சுமையைக் கடைசியில் தாங்குவது மண்தான். மண் உலர்ந்திருக்கும்வரை அது தாங்கும் என்று அழுத்தமாகச் சொன்னவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லௌடன் மக்காடம் (1756–1836). பெரிய பாறைகளை அடியில் பரப்பும் பழைய முறையை அவர் விட்டார். கூர்விளிம்புள்ள சிறு ஜல்லிகளை ஒன்றோடொன்று கோத்து இறுக்கவும், மழைநீர் வடிந்தோடும்படி சாலையை உயர்த்தவும் சொன்னார். இன்றைய தார்ச்சாலையின் அடிப்படையும் அதுவே.

வளைந்து நிமிரும் சாலை

கனமான சக்கரம் கடக்கும்போது சாலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தாழ்ந்து, சக்கரம் போனதும் மீள்கிறது. கண்ணால் காண முடியாத இந்த அசைவை அளக்க 1950களில் அமெரிக்கப் பொறியாளர் பெங்கல்மன் ஒரு நெம்புகோல் கருவியை வடிவமைத்தார். நீண்ட கம்பின் முனையை லாரியின் இரட்டை டயர்களுக்கு நடுவே செருகி, லாரி நகரும்போது தரை எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார்கள். இந்தியச் சாலைகளிலும் இந்தக் கருவி நெடுங்காலம் பயன்பட்டது.

சாலை தாழும்போது தார்த்தளத்தின் மேற்பரப்பு நெருக்கப்படுகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. ஒருமுறை இழுபட்டால் ஒன்றும் ஆகாது. கட்டுக்கம்பியைக் கையால் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடுவதைப்போல, லட்சக்கணக்கான முறை இழுபட்ட தார்த்தளமும் அடிப்பரப்பில் கீறல் விடுகிறது. பொருள்கள் இப்படித் தளர்ந்து முறிவதற்கு அயர்ச்சி என்று பெயர். அடியில் தொடங்கிய கீறல் மெல்ல மேலேறும். அது மேற்பரப்பை எட்டும்போது, முதலைத்தோல் விரிசல் என்று பொறியாளர்கள் அழைக்கும் கட்டம் கட்டமான பிளவுகளாகத் தெரியும்.

இன்னொரு பாதிப்பு மண்படுகையில் நடக்கிறது. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மண் முழுவதுமாக மீள்வதில்லை. இம்மியளவு தாழ்வு தங்கிவிடுகிறது. அது சேர்ந்து சேர்ந்து சக்கரம் ஓடும் தடத்தில் நீளப் பள்ளமாகிறது. இந்தியச் சாலைப் பேரவையின் வடிவமைப்பு வழிகாட்டி இந்த இரண்டு இடங்களையே முதன்மையாகச் சரிபார்க்கச் சொல்கிறது: தார்த்தளத்தின் அடிப்பரப்பு எவ்வளவு இழுபடுகிறது, மண்படுகையின் மேற்பரப்பு எவ்வளவு நசுங்குகிறது.

இல்லினாயில் ஓடிய ராணுவ லாரிகள்

எவ்வளவு சுமை எவ்வளவு சேதம் செய்யும் என்ற கேள்விக்கு மேசையில் உட்கார்ந்து விடை காண முடியவில்லை. அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அலுவலர்கள் சங்கம் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே சோதனைக்கென்றே ஆறு சாலைச் சுற்றுகளை அமைத்தது. மேல்தளத்தின் கனமும் அடித்தளத்தின் கனமும் வேறு வேறாக உள்ள எண்ணூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் அவற்றில் இருந்தன. 1958 முதல் 1960 வரை ராணுவ வீரர்கள் அவற்றில் லாரி ஓட்டினார்கள். ஒரு தடத்தில் ஒரேவகைச் சுமை மட்டுமே ஓட வேண்டும் என்பது விதி. ஒரு தடத்தில் ஓடிய வண்டிகளின் அச்சுக்கு ஒரு டன்னுக்கும் குறைவான சுமை. இன்னொன்றில் 13 டன்னுக்கும் மேல். ஒரு சுற்றில் வண்டியே ஓடவில்லை. வெயிலும் மழையும் பனியும் மட்டும் என்ன செய்யும் என்று அறிய அதைத் தனியே விட்டுவைத்தார்கள்.

சாலை கெட்டுவிட்டது என்று எப்போது சொல்வது? அதற்கும் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஒரு குழுவினர் சாலைகளில் பயணம் செய்து, சுழியம் முதல் 5 வரை மதிப்பெண் இட்டார்கள். அந்த மதிப்பெண்களைக் கீறல், ஒட்டு, மேடுபள்ளம் ஆகியவற்றின் அளவுகளோடு இணைத்தார்கள். பயணிக்கு உகந்த நிலையிலிருந்து சாலை எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்பதை எண்ணால் சொல்ல முடிந்தது.

தடம் ஒன்றில் ஏறத்தாழ 11 லட்சம் அச்சுகள் கடந்தபின் கிடைத்த முடிவு எளிமையானது, எதிர்பார்ப்புக்கு மாறானதும்கூட. சுமை இரு மடங்கானால் சேதம் இரு மடங்காவதில்லை; ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. சுமை எத்தனை மடங்கோ அந்த எண்ணை நான்கு முறை வரிசையாகப் பெருக்கினால் சேதம் கிடைக்கும். இதை நான்காம் அடுக்கு விதி என்று சொல்லலாம். சாலையின் அமைப்பையும் கெடும் விதத்தையும் பொறுத்து இந்த நான்கு என்பது கொஞ்சம் கூடும், குறையும். ஆனாலும் சாலை வடிவமைப்பின் முதற்கணக்கு இன்றும் இதுதான்.

ஒப்பிட ஓர் அலகு வேண்டும். இரட்டை டயர் பூட்டிய, 8 டன்னுக்குச் சற்றே மேற்பட்ட சுமையுள்ள ஓர் அச்சை அலகாகக் கொண்டார்கள். இங்கே அதற்கு அலகு அச்சு என்று பெயர் வைத்து, கணக்கு எளிதாக இருக்க 8 டன் என்றே கொள்ளலாம்.

ஒரு சாலையின் வரவுசெலவு

ஒரு கற்பனைச் சாலை. அதன் ஒரு திசையில் நாளொன்றுக்கு 3,000 இருசக்கர வண்டிகள், 1,000 கார்கள், 100 லாரிகள் போகின்றன. ஒவ்வொரு லாரியின் முன்னச்சில் 4 டன், பின்னச்சில் 8 டன்.

முதலில் கார். ஆட்கள் ஏறிய கார் 1.6 டன் என்றால் அச்சுக்கு 0.8 டன். இது அலகு அச்சில் பத்தில் ஒரு பங்கு. பத்தை நான்கு முறை பெருக்கினால் பத்தாயிரம். ஆகவே கார் அச்சு ஒன்றின் சேதம், அலகு அச்சின் சேதத்தில் பத்தாயிரத்தில் ஒன்று. ஆயிரம் கார்களின் இரண்டாயிரம் அச்சுகளும் சேர்ந்து 0.2 அலகு. இருசக்கர வண்டிகளின் சேதம் இதைவிடவும் மிகக் குறைவு. அதைச் சுழியம் என்றே எழுதிவிடலாம்.

அடுத்தது லாரி. பின்னச்சு சரியாக ஓர் அலகு. முன்னச்சில் பாதிச் சுமை இருப்பதால் அதன் சேதம் பதினாறில் ஒரு பங்கு. லாரி ஒன்றுக்கு மொத்தம் 1.06 அலகு. அதாவது ஒரு லாரி ஒருமுறை கடப்பது, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் கடப்பதற்குச் சமம். நூறு லாரிகளுக்கு 106 அலகு. சாலையில் ஓடிய 4,100 வண்டிகளில் நாலாயிரம் வண்டிகள் செய்த சேதம் கால் அலகைக்கூட எட்டவில்லை. இந்தச் சாலை 15 ஆண்டுகள் உழைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

இப்போது நூறு லாரிகளில் இருபது மட்டும் கூடுதலாகச் சரக்கு ஏற்றுகின்றன. அவற்றின் முன்னச்சு 5 டன்னாகவும் பின்னச்சு 12 டன்னாகவும் ஏறுகிறது. பின்னச்சுச் சுமை ஒன்றரை மடங்கு. ஒன்றரையை நான்கு முறை பெருக்கினால் ஐந்துக்குச் சற்று மேல். முன்னச்சையும் சேர்த்தால் இந்த லாரி ஒவ்வொன்றும் 5.2 அலகு. இருபதுக்கும் 104. மீதி எண்பது லாரிகளுக்கு 85. நாள் மொத்தம் 106 என்றிருந்தது 189 ஆகிவிடுகிறது. பதினைந்து ஆண்டுக்கான சாலை ஏறத்தாழ எட்டரை ஆண்டுகளில் தீர்ந்துபோகும்.

அந்த இருபது லாரிகளும் கூடுதலாகக் கொண்டுபோனது மொத்தம் 100 டன். 12 டன் எடையுள்ள லாரியில் சரக்கு ஏறத்தாழ 7 டன் என்றால், அதே 100 டன்னை இன்னும் 15 லாரிகளில் அளவோடு ஏற்றியிருக்கலாம். அவை சாலைக்குச் செய்யும் சேதம் 16 அலகுதான். இருபது லாரிகளில் திணித்தபோது கூடியதோ 83 அலகு. சரக்கு ஒன்றே, சாலை செலுத்தும் விலை ஐந்து மடங்குக்கும் மேல்.

இந்தியாவில் நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்குச் சட்டம் அனுமதித்த சுமை 10.2 டன்னாக இருந்தது. 2018இல் அது 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எடை ஏறத்தாழ 13 விழுக்காடு கூடியது. நான்காம் அடுக்கு விதிப்படி ஓர் அச்சின் சேதமோ ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுகிறது. இதனால்தான் சாலை வடிவமைக்கும் முன் வண்டிகளை எண்ணுவது மட்டும் போதாது. லாரிகளை நிறுத்தி அச்சுகளை எடை போட்டும் பார்க்கிறார்கள்.

தண்ணீர் செய்யும் மூன்று வேலைகள்

இந்தக் கணக்கு முழுவதும் மண்ணின் வலு மாறாதிருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. அந்த நம்பிக்கையைக் குலைப்பதே தண்ணீரின் முதல் வேலை. இல்லினாய் சோதனையிலும் உறைபனி உருகி அடித்தளம் ஊறிய வசந்தகால வாரங்களில்தான் துண்டுகள் வேகமாக உடைந்தன. அதே லாரி, அதே சுமை. நனைந்த சாலை அதிகம் தாழ்ந்தது, தார்த்தளம் அதிகம் இழுபட்டது.

அதனால் மண்ணின் வலுவைச் சோதிக்கும்போதே அதை நனைத்துப் பார்க்கிறார்கள். கலிபோர்னியாவில் பிறந்த தாங்குவிகிதச் சோதனையில், இறுக்கிய மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அதில் ஒரு தண்டை அழுத்தி இறக்குவார்கள். நல்ல உடைகல் காட்டும் எதிர்ப்பில் இந்த மண் எத்தனை விழுக்காடு காட்டுகிறது என்பதே விடை. கோவில்பட்டி வட்டாரத்தில் உள்ளது போன்ற கரிசல் மண், ஊறியபின் இரண்டு மூன்று விழுக்காட்டுக்கு இறங்கிவிடுவது உண்டு. ஈரத்தில் உப்பி, கோடையில் வெடிக்கும் அந்த மண்மேல் சாலை போட வேண்டுமானால் சுண்ணாம்பு கலந்து மண்ணைப் பக்குவப்படுத்த வேண்டும். அல்லது மேலடுக்குகளின் கனத்தைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது வேலை விரிசலுக்குள் நடக்கிறது. பிளவில் நீர் நிறைந்திருக்கும்போது டயர் அதன்மேல் ஏறினால் நீர் வெளியேற வழியின்றி அழுத்தப்படுகிறது. டயர் கடந்ததும் உறிஞ்சப்படுகிறது. இந்த அழுத்தலும் உறிஞ்சலும் ஜல்லிக்கு இடையிலுள்ள பொடியைச் சேறாக வெளியே தள்ளுகின்றன. மழைக்குப் பிறகு விரிசலைச் சுற்றி வெளிறிய மண்கறை தெரிந்தால், உள்ளே அடித்தளம் பொள்ளலாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது வேலை தாரையும் ஜல்லியையும் பிரிப்பது. சாலைப் பணியில் தார் என்று வழங்கும் பிட்டுமென், கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் முதலியவற்றைப் பிரித்தபின் அடியில் தங்கும் பசை. கிரானைட் போன்ற சிலிக்கா மிகுந்த கற்கள் தாரைவிடத் தண்ணீரையே எளிதாகப் பற்றும். ஊறிக் கிடக்கும் கலவையில் தண்ணீர் தாருக்கும் கல்லுக்கும் இடையே புகுந்து தார்ப்படலத்தை உரித்துவிடுகிறது. ஒட்டு விட்ட ஜல்லி ஒவ்வொன்றாகத் தெறித்து வெளியேறும். ஒரு ஜல்லி போன இடத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கிய நீர் அடுத்த ஜல்லியின் பிடியைத் தளர்த்தும். ஓரிரு நாளில் குழி பெரிதாவது இதனால்தான்.

ரோலர் ஓடும் நேரம்

தண்ணீர் உள்ளே வருமா வராதா என்பது பெருமளவு சாலை போட்ட அன்றே முடிவாகிவிடுகிறது. தார்க்கலவையின் எடையில் தார் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். மற்றது ஜல்லியும் கல்பொடியும். இவற்றுக்கு இடையே கொஞ்சம் காற்றிடம் இருக்கும். வடிவமைப்பில் அது கனஅளவில் 4 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். காற்றிடம் 8 விழுக்காட்டைத் தாண்டினால் தனித்தனிக் குமிழ்கள் ஒன்றோடொன்று இணைந்து, தண்ணீர் போகும் வழியாகிவிடும். மிகவும் குறைந்தாலும் கேடுதான். வெயிலில் விரியும் தாருக்கு இடமில்லாமல் அது மேலே கசியும், தளம் வழுவழுப்பாகித் தடத்தில் பள்ளம் விழும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க உதவும் சோதனையை உருவாக்கியவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றிய புரூஸ் மார்ஷல். 1930களின் இறுதியில் உருவான முறை அது. வெவ்வேறு அளவில் தார் கலந்து உருளைகள் வார்த்து, சம்மட்டியால் எண்ணி அடித்து இறுக்கி, 60 டிகிரி செல்சியஸ் நீரில் வைத்து எடுத்து நசுக்குவார்கள். வலு, நெளிவு, காற்றிடம் மூன்றும் ஒத்துவரும் அளவே தேர்வாகும்.

ஆய்வகத்தில் கிடைத்த காற்றிடம் சாலையிலும் கிடைக்க வேண்டுமானால் சூடு வேண்டும். கலவை ஆலையில் 150 டிகிரிக்கு மேல் சூடாக்கிய தார்க்கலவை, சாலையில் கொட்டிய நொடியிலிருந்து ஆறிக்கொண்டே வருகிறது. 90, 100 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் தார் கெட்டிப்பட்டு, ரோலர் எத்தனை முறை ஓடினாலும் ஜல்லி நகர்ந்து இறுகாது. தொலைவிலுள்ள ஆலை, வழியில் நெரிசல், தூறலில் வேலை, மெல்லிய தளம் ஆகிய ஒவ்வொன்றும் இந்த நேரத்தைச் சுருக்குகிறது. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு புதுச் சாலைகளில் ஒன்று முதல் மழையிலேயே பெயர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெகிழி பூசிய ஜல்லி

கல்லிலிருந்து தார் உரிவதைத் தடுக்க நீற்றுச் சுண்ணாம்பு சேர்ப்பது பழைய வழி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த இரா. வாசுதேவன் வேறொரு வழி கண்டார். பைகளாகவும் உறைகளாகவும் தூக்கியெறியப்படும் நெகிழியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, 160, 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின்மேல் தூவினால், அது உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிய படலமாகப் படிகிறது. அதன்பிறகே தாரைச் சேர்க்கிறார்கள். தாரும் நெகிழியும் எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றையொன்று நன்றாகப் பற்றும். கல்லின் நுண்துளைகளும் அடைபடுவதால் நீர் புகுவது குறைகிறது. இம்முறைக்காக 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்தியச் சாலைப் பேரவை 2013இல் இதற்கென வழிகாட்டி வெளியிட்டது. நெகிழியின் அளவு தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு வரை. எல்லா நெகிழியும் உதவாது. சூடுபடும்போது குளோரின் கலந்த நச்சுவாயு வெளியாகும் என்பதால் பி.வி.சி. விலக்கப்படுகிறது. இந்த முறை மேற்சொன்ன மூன்று வேலைகளில் கடைசி வேலையைத்தான் தடுக்கிறது. மண் ஊறுவதையோ, மிகைச்சுமையால் தளம் அயர்வதையோ அது தடுக்காது. பொருள் ஆய்வு எதுவானாலும் அதன் எல்லை இப்படித்தான் அமைகிறது; சாலை எந்த வழியில் கெடுகிறது என்று முதலில் கண்டறிந்த பிறகே அதற்குரிய பொருளைத் தேட முடியும்.

ஒட்டுப் போடும் முறை

பழுதுபார்ப்பதற்கும் இதே வரிசை பொருந்தும். மயிரிழை விரிசல் தெரிந்தவுடன் தார்க்குழம்பு ஊற்றி அடைத்தால் மண்படுகை நனையாமல் தப்பும், செலவும் சொற்பம். குழியாகிவிட்டால், அதைச் சுற்றித் தளர்ந்த பகுதியையும் சேர்த்துச் செங்குத்தான ஓரங்களுடன் சதுரமாக வெட்ட வேண்டும். சேறும் நீரும் நீக்கி உலர்த்தி, பக்கங்களில் தார் பூசி, சூடான கலவையை இட்டு இறுக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால், ஒட்டுக்கு அடியில் அதே ஈரமும் தளர்ந்த அடித்தளமும் அப்படியே இருக்கும். ஓரங்களில் பிடிப்பும் இராது. ஒரே இடத்தில் குழி திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு மேல்தளத்தில் இல்லை. அடைபட்ட வடிகால், கசியும் குழாய், சாலையை நோக்கிச் சரிந்த ஓரமண் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அடித்தளத்துக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்த பிறகு போடும் ஒட்டுதான் நிற்கும்.